தார் பூசிய சேஸிஸ்

அண்ணாச்சியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். பாசம் அதன் பின்னாலேயே ஓடி வந்துவிடும், அது வேறு விஷயம். மனிதர் இப்போது உயிரோடு இருந்தால்கூட நேரே போய் நின்று நாலு கேள்வி கேட்பேன். கேட்டு என்ன பிரயோஜனம்? "சரிதான் தங்கச்சி, நீங்க சொல்லுதது நூத்துக்கு நூறு சரி" என்று சிரித்துவிட்டு, ஒரு செவ்வாழையைப் பிய்த்து என் கையில் வைத்துவிடுவார். அவரோடு சண்டை போட்டு யாரும் ஜெயித்ததில்லை. மனிதர் சண்டைக்கு வந்தால்தானே ஜெயிக்க!

அந்தமானில், போர்ட் பிளேர் ஷாதிபூரில் எங்களுக்கு அடுத்த வீடு அவர்களுடையது. இரண்டுமே பலகைச் சுவரும் தகரக் கூரையுமான வீடுகள். மழை பிடித்துவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேசுவதற்கே கத்த வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. கல்யாணமான கையோடு திருநெல்வேலியிலிருந்து மெட்ராஸ் வந்து, கப்பலேறி, வழியெல்லாம் வாந்தி எடுத்து, அரை உயிராக நான் அங்கே போய் இறங்கிய அன்று, "நம்ம ஊர்ப் பக்கத்துப் பிள்ளைலா!" என்று ஓடி வந்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர் அவர்களுக்கு. வேதக்காரர்கள். பிள்ளை குட்டி கிடையாது. அவர் என்னைத் தங்கச்சி என்றார், என் வீட்டுக்காரரை மாப்பிள்ளை என்றார். நான் அவரை அண்ணாச்சி என்றேன், அவர் மனைவியை மதினி என்றேன். வாசலில் நின்றபடியே ஏற்பட்டுவிட்ட அந்த முறை கடைசிவரை மாறவில்லை.

அவருடைய குணம் இதுதான்: யாருடைய முகத்துக்கு நேராகவும் அவரால் ஒரு குறை சொல்ல முடியாது. ஆள் போன பிறகு சொல்லுவார். அதுவும் சாதாரணமாக இல்லை, கேட்கிறவர்களுக்கு வயிறு புண்ணாகிவிடும்.

அபர்தீன் பஜாரில் தெலுங்குக்காரர் ஒருவர் தையல் கடை வைத்திருந்தார். அண்ணாச்சிக்குக் கிறிஸ்துமஸ் சட்டை அவர்தான் தைத்தார். ஒரு கை முழங்கை வரைக்கும், இன்னொரு கை அதற்கு மேலேயே நின்றுவிட்டது. கோயிலுக்கு அதைப் போட்டுக்கொண்டு போய்விட்டு வந்து, எங்கள் வீட்டு முன்னறையில் அந்தத் தையல்காரரைப் போலவே மூக்குக் கண்ணாடியை இறக்கி, நாடாவைக் கழுத்தில் தொங்கவிட்டு, அளவு எடுப்பது போல நடித்துக் காட்டினார். "ஒரு கைய எனக்கு அளவெடுத்திருக்கான், இன்னொரு கைய எவனோ சின்னப் பயலுக்கு எடுத்திருக்கான் மாப்ள!" நாங்கள் சிரித்து முடிக்கவில்லை, வெளியே அந்தத் தையல்காரரே போகிறார். "அண்ணா, கமீஸ் கைசா ஹை?" என்று, சட்டை எப்படி என்று, அங்கே பொதுப் பேச்சான இந்தியில் தெருவிலிருந்து கேட்டார். இவர் வாசலுக்குப் போய், "பஹுத் அச்சா பாய்! ஏக்தம் ஃபிட்டிங்!" என்று புகழ்ந்தார். அதோடு விட்டாரா? அடுத்த பெருநாளுக்கும் துணியைக் கொண்டுபோய் அங்கேயே கொடுத்தார்.

என்னிடமும் அப்படித்தான். நான் போன புதிதில் மண்ணெண்ணெய் அளந்த கையோடு பால்பவுடர் டப்பாவைத் தொட்டுவிட்டேன் போலிருக்கிறது. அந்தப் பவுடரில் போட்ட காப்பியை அண்ணாச்சி முழு டம்ளரும் குடித்து, "இன்னும் ஒரு வாய் கெடக்கா?" என்று வேறு கேட்டார். சாயங்காலம் என் வீட்டுக்காரர் வாயில் வைத்த உடனே துப்பிவிட்டு, "என்ன, என்னையக் கொளுத்தப் போறியா?" என்று கத்தின பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். அழுகை அழுகையாக வந்தது எனக்கு. மறுநாள் அண்ணாச்சியிடம் கேட்டால், "ஊரு விட்டு ஊரு வந்து ஆசையா ஒரு காப்பி போட்டுக் குடுக்கிய, அதுல போய் நொட்டை சொல்லவா முடியும்?" என்கிறார்.

மதினி நேர் எதிர். மனதில் பட்டதை அந்த இடத்திலேயே போட்டு உடைத்துவிடுவாள். "இவுகளுக்கு வாயி முதுகுல இருக்கு தங்கச்சி, ஆளு திரும்பிப் போனாத்தான் தொறக்கும்" என்று அவர் இருக்கும்போதே சொல்லுவாள். அவர் அதற்கும் சிரிப்பார். அந்தச் சிரிப்பை எத்தனையோ நாள் நான் ரசித்திருக்கிறேன். பாழாய்ப்போன சிரிப்பு!

ஊரில் வள்ளத்தில் இருந்த பங்கை விற்று, மதினியின் சங்கிலியையும் விற்று, அவர் ஒரு புது பிக்கப் வண்டி வாங்கினார். மெட்ராஸில் வாங்கி, கப்பலில் வந்து, சாத்தம் ஜெட்டியில் கிரேன் அதைத் தூக்கி இறக்கியபோது அவர் சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். நீல வண்டி. பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். சிப்பிகாட்டுத் தோட்டங்களிலிருந்து வெண்டைக்காய், பூசணி, வாழைத்தார், தேங்காய் என்று ஏற்றிக்கொண்டு வந்து பஜாரில் போடுவதுதான் தொழில். பேரம் பேச அவருக்கு வராது, சொத்தைக் காயைக்கூட "பரவாயில்ல, இருக்கட்டும்" என்று வாங்கி வந்துவிடுவார். அதனால் மதினியும் தினமும் கூடப் போவாள். முன் சீட்டில் அவர் பக்கத்தில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எங்கள் தெருவே அந்த வண்டியின் பின்னால் ஏறிக்கொள்ளும். பிரசவ வலி என்றாலும் அதுதான் ஆஸ்பத்திரிக்குப் போகும்.

இரண்டாவது மழைக்காலத்தில் வண்டி ஒரு பக்கமாக முனக ஆரம்பித்தது. அதே கப்பலில் அதே மாதிரி வண்டி இறக்கியவர் இன்னொருவர் இருந்தார், ஒரு பெங்காலி வியாபாரி. எல்லோரும் அவரைத் தாதா, அவர்கள் பாஷையில் அண்ணன், என்போம். அவருடைய வண்டியும் முனகியது. அவர் சும்மா இருக்கிற ஆளா? அடியில் படுத்து, சேஸிஸ் இருக்கிறதே, வண்டியின் எடை மொத்தத்தையும் தாங்குகிற இரும்புச் சட்டம், அதில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினாராம். அது உள்ளே போய்விட்டது. உடனே அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு வந்து இந்த வண்டியிலும் அழுத்திப் பார்த்தார். இதிலும் போனது.

"அரே அண்ணா, அந்தர் மே ரங் ஹீ நஹீ லகாயா!" என்று, அதாவது உள்ளே பெயிண்ட்டே அடிக்கவில்லை என்று, தாதா கத்தினது என் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்டது. நான் ஓடினேன். அந்தச் சட்டம் உள்ளே கூடாக இருக்கும். வெளிப்பக்கம் நன்றாகப் பெயிண்ட் அடித்து, உள்பக்கம் அடிக்காமலே அனுப்பிவிட்டிருக்கிறார்கள். துரு உள்ளேயிருந்து தின்றுகொண்டு வந்திருக்கிறது. கடல்காற்று என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. யுத்த காலத்து ராணுவ லாரிகள் அதே காற்றில், அதே மழையில் அங்கே ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றின் சேஸிஸில் விரல் போகிற ஓட்டை எதுவும் கிடையாது.

அண்ணாச்சிக்குக் கோபம் வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "வெளிய பளபளன்னு அடிச்சிட்டு உள்ள ஒண்ணுமே பூசாம அனுப்பியிருக்கான் தங்கச்சி! யாரு குனிஞ்சு பாக்கப் போறான்னு நெனச்சிட்டான்! அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்!" எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த மனிதருக்கும் ரோஷம் உண்டு என்று நினைத்தேன்.

கம்பெனிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் மெஷினில் தாளைச் சுருட்டி வைத்துக்கொண்டு, "சொல்லுங்க அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, "மொதல்ல அவுக வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேளுங்க மாப்ள" என்றார்.

"கம்பெனிக்கு ஏது அண்ணாச்சி வீடு?"

"கம்பெனிய நடத்துத ஆளுக்கு இருக்கும்லா?"

ஒரு வழியாக என் வீட்டுக்காரரே காரமாக எழுதி அனுப்பினார். தாதாவும் தன் பங்குக்கு எழுதினார். கப்பல் கப்பலாகக் காத்திருந்து, கடைசியில் பதில் வந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு இஞ்சினீயர் வந்து இரண்டு வண்டியையும் பார்ப்பார். தப்பு கம்பெனியுடையது என்று அவர் சொன்னால் புது சேஸிஸ் செலவில்லாமல் அனுப்புவார்கள். கடல் தண்ணீரால் வந்த கேடு என்றால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை. அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு ஆள் கண்ணால் என்ன பார்க்கிறார், அவரிடம் நாம் என்ன சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

அண்ணாச்சியின் வாயைத் தெரிந்தவள் நான். அதனால் ஒத்திகை பார்க்கலாம் என்றேன். நான் நாற்காலியில் இஞ்சினீயர் மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். மதினி பக்கத்தில் நின்றாள். "உம், உங்கள் புகார் என்ன?" என்று குரலை மாற்றிக் கேட்டேன். அண்ணாச்சி என் எதிரே கை கட்டி நின்றார். நின்றார், நின்றார். அப்புறம், "பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா சார்?" என்றார். மதினி தலையில் அடித்துக்கொண்டாள்.

"மாதா மேல சத்தியம் பண்ணுங்க. ஓட்டையக் காட்டி, உள்ள பெயிண்ட் இல்லன்னு சொல்லுதேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றாள்.

அவர் மாதா படத்துக்கு முன்னால் கை வைத்துச் சத்தியம் பண்ணினார். மனப்பூர்வமாகத்தான் பண்ணினார், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

கப்பல் வருவதற்கு முந்தின நாள் காலையில் நான் குழாயடிக்குப் போய்விட்டுக் குடத்தோடு திரும்புகிறேன், பக்கத்து வீட்டு முற்றத்தில் தார் காய்ச்சுகிற வாசனை. வண்டியின் சக்கரங்களுக்கு அடியில் கல்லை அடுக்கி உயர்த்திவிட்டு, அண்ணாச்சி அடியில் படுத்திருக்கிறார். துருவையெல்லாம் சுரண்டியாகிவிட்டது. வள்ளத்துப் பலகை இடுக்கை அடைப்பார்களே, அதே மாதிரி பஞ்சைத் தாரில் முக்கி ஓட்டைகளை அடைத்தாகிவிட்டது. இப்போது முன்னிருந்து பின்வரைக்கும் சேஸிஸுக்குத் தார் பூசிக்கொண்டிருக்கிறார். மதினி இடுப்பில் கை வைத்துக் கத்திக்கொண்டிருந்தாள். எனக்கு இடுப்புக் குடம் நழுவிவிட்டது.

"அண்ணாச்சி! என்ன காரியம் செய்யுறீங்க? ஓட்டையப் பாக்கத்தான அந்த மனுஷன் கடல் தாண்டி வாரான்?"

"நாளைக்கு ஜெட்டியில இருந்து இந்த வண்டியிலதான அவரக் கூட்டிட்டு வரணும், தங்கச்சி? வாரது விருந்தாளி. துருவும் சகதியுமா கொண்டுபோய் நிறுத்தவா முடியும்? எங்க ஊர்ல யாராச்சும் வாராகன்னா வள்ளத்துக்குத் தார் பூசாம கரையில வைக்க மாட்டோம்."

"அப்ப ஓட்டை?"

"அது எங்க போயிரும்? தாருக்கு உள்ளதான் இருக்கு. கேட்டாருன்னா சுரண்டிக் காட்டிரலாம். வந்து எறங்குன ஒடனே மூஞ்சிக்கு நேரா அசிங்கத்தையா காட்டுதது?"

என்ன பதில் சொல்ல இதற்கு? அந்தத் தீவில் மெயின்லேண்டிலிருந்து ஒரு ஆபீசர் வருகிறார் என்றால் சுவருக்குச் சுண்ணாம்பும் மரத்துக்குக் காவியும் அடிக்கிறது எல்லா ஆபீசிலும் வழக்கம்தான். ஆனால் புகார் சொன்னவனே புகாருக்குச் சாயம் பூசினதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. இப்போது எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

வந்த இஞ்சினீயர் மீசை சரியாக முளைக்காத பையன். வேலைக்குச் சேர்ந்து முதல் பயணம். கடல் அவனைப் பாடாய்ப் படுத்தியிருந்தது. இறங்கு ஏணியில் கால் நிற்கவில்லை. அண்ணாச்சி அவனைக் கைத்தாங்கலாகப் பிடித்து, வண்டியில் ஏற்றி, தங்குகிற இடத்துக்குக்கூடப் போகவிடாமல் தன் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். கட்டிலை அவனுக்குக் கொடுத்துவிட்டு இவர்கள் தரையில் படுத்தார்கள். மதினி கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். நல்ல பையன், பொய் சொல்லக் கூடாது. எழுந்து உட்கார்ந்ததும் மதினியைக் கும்பிட்டு, "எங்க அம்மா மாதிரி பாத்துக்கிட்டீங்க" என்றான். புதிதாகக் கல்யாணமாகி மனைவி மாசமாக இருக்கிறாள் என்று சொல்லி வெட்கப்பட்டான். அண்ணாச்சிக்கு மனசு உருகிவிட்டது. அவன் வண்டியைப் பார்க்கத் தெம்பாக எழுந்த காலையில் மதினி பஜாரில் இருந்தாள். முந்தின நாள் வந்து கிடந்த காய்கறி அழுகிவிடும், யாராவது போய் விற்றுத்தான் ஆக வேண்டும். போகும்போது, "சத்தியம் பண்ணியிருக்கிய" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள். என் வீட்டுக்காரர் ஆபீசில். நான் மட்டும் வேலியோரம் துணி உலர்த்துகிற சாக்கில் நின்றேன்.

பையன் வெள்ளைப் பேண்ட்டோடு குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். கறுப்பாக, புத்தம் புதிதாக மின்னியது.

"நல்லாத்தானே வச்சிருக்கீங்க! என்ன சார் கம்ப்ளெயிண்ட்?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

"பெருசா ஒண்ணுமில்ல தம்பி. ஓடுது. கொஞ்சம் துரு ஏறியிருக்கு. கடக்கரை ஊரு பாருங்க, ஏறத்தான் செய்யும்."

"அப்ப கடல் காத்துதான் காரணம்ங்கறீங்களா?"

"அது... காத்தும் ஒரு காரணந்தான, தம்பி."

என்னால் பொறுக்க முடியவில்லை. ஈரத்துணியைப் போட்டுவிட்டு வேலியைத் தாண்டி வந்தேன். "சார், அதெல்லாம் இல்ல. உள்ள பெயிண்ட்டே அடிக்கலை. சேஸிஸெல்லாம் ஓட்டை. இவரு நீங்க வாரதுக்கு முந்தின நாளு தார் வச்சு அடைச்சிருக்காரு. சுரண்டிப் பாருங்க, தெரியும்!"

பையன் திகைத்துப்போய் அண்ணாச்சியைப் பார்த்தான். "அப்படியா சார்?" அந்த இடத்தில் தலையை ஒரு ஆட்டு ஆட்டியிருந்தால் போதும். வாயைத் திறந்திருக்கக்கூட வேண்டாம். அவரோ என்னைப் பார்த்துக் கெஞ்சுகிற மாதிரி சிரித்தார். "தங்கச்சிக்கு எம்மேல பாசம் ஜாஸ்தி. கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும்."

ஆனாலும் அந்தப் பையன் மனசாட்சிக்கு ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு முழங்காலை ஊன்றி அடியில் தட்டப் போனான். முற்றத்தில் சிந்தியிருந்த தார் வெள்ளைப் பேண்ட்டில் அப்பிக்கொண்டது. "அய்யய்யோ, பேண்ட்டு!" அண்ணாச்சி மண்ணெண்ணெய்த் துணியோடு பாய்ந்தார். பையனை எழுப்பி நிறுத்தி, அவன் காலடியில் உட்கார்ந்து அந்தக் கறையைத் துடைத்தார், துடைத்தார், அப்படித் துடைத்தார். வேண்டாம் சார், விடுங்க சார் என்று அவன் கூசிப்போனான். சுத்தியலை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. அவன் ஒரு தாளில் எழுதி வாசித்துக் காட்டினான்: வண்டி நல்ல பராமரிப்பில் இருக்கிறது, துரு கடல்காற்றால் வந்தது, உரிமையாளரும் அதை ஒப்புக்கொள்கிறார். அண்ணாச்சி அடியில் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் அவனைத் தாதாவின் வண்டிக்கும் இவரேதான் கூட்டிப்போனார். அங்கே தாதா அந்தப் பையனைச் சகதியில் மல்லாக்கப் படுக்கவைத்து, "உங்லி டாலோ!" என்று அவன் மணிக்கட்டைப் பிடித்து விரலை ஓட்டைக்குள் விட்டுக் காட்டியிருக்கிறார். திரும்பி வந்து அண்ணாச்சி அதை எங்களிடம் சொன்ன அழகைக் கேட்க வேண்டுமே! "பாவம் மாப்ள, விரல்ல ரத்தமே வந்துட்டு. தாதாவுக்கு ஈவு இரக்கமே கிடையாது."

சாயங்காலம் மதினி பஜாரிலிருந்து வந்தாள். கூடையை இறக்குவதற்கு முன்னால், "சொன்னியளா?" என்று கேட்டாள்.

"சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சு" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், தெருவே கூடும் என்று நினைத்தேன். அவள் காலிச் சாக்கின் மேல் அப்படியே உட்கார்ந்து, சங்கிலி கிடந்த கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச மாதம் கழித்துத் தாதாவுக்குப் புது சேஸிஸ் கப்பலில் வந்தது. அண்ணாச்சி ஜெட்டிக்குப் போய் கயிறு கட்டி இறக்க ஒத்தாசை பண்ணினார். அதன் முனையில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தாராம். "உள்ள முழுக்கப் பெயிண்ட்டு, தங்கச்சி! கம்பெனின்னா கம்பெனிதான்!" பொறாமை ஒரு துளி இல்லை அந்த முகத்தில். இருந்திருந்தால் தேவலை என்று பட்டது எனக்கு.

"சரி, இப்பவாவது இன்னொரு லெட்டர் போடுவோம் அண்ணாச்சி" என்றார் என் வீட்டுக்காரர். "அதே வண்டி, அதே கோளாறு. தாதாவுக்குக் குடுத்தவங்க நமக்குத் தர மாட்டேன்னு சொல்ல முடியாது."

அண்ணாச்சி யோசித்தார். "நம்ம வண்டி நல்லாருக்குன்னு அந்தத் தம்பி எழுதிக் குடுத்திருக்கான், மாப்ள. இப்ப நாம ஓட்டைன்னு எழுதுனா அவன் சரியாப் பாக்கலைன்னு ஆயிரும்லா? புது வேலை. பொண்டாட்டி மாசமா இருக்கா. அவன் சோத்துல மண்ணள்ளிப் போடவா?"

"மதினி தினமும் அந்த வண்டியிலதானே உக்காந்து போறாங்க?" என்று நான் கேட்டேன்.

"மெதுவா ஓட்டுதேன்" என்றார்.

மெதுவாகத்தான் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை எங்களை ஏற்றுவதை நிறுத்திவிட்டார், பாரம் பாதியாகக் குறைத்தார். அடுத்த மழையில் ஒரு காலை, சிப்பிகாட்டிலிருந்து பூசணிக்காய் ஏற்றி வரும்போது, ஒரு இறக்கத்தில் முன் சீட்டுக்குப் பின்னால் சேஸிஸ் ஒடிந்தது. வண்டி முதுகு முறிந்து மடங்கிவிட்டது. அண்ணாச்சிக்கு நெற்றியில் சிராய்ப்பு. மதினியின் வலது கால் உள்ளே மாட்டிக்கொண்டது. பின்னால் வந்த தாதாவின் வண்டிதான் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஷாதிபூரே திரண்டு போய்ப் பார்த்தது. கட்டில் தலைமாட்டில் அண்ணாச்சி நின்றுகொண்டு, கேட்கிற ஒவ்வொருவருக்கும், "தேவலாம், இப்ப நல்லாருக்கா, சீக்கிரம் எழுந்திருவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் வந்தால் டாக்டரிடமும் அதேதான். வந்தவர்கள் மனம் கஷ்டப்படக் கூடாதாம். நான் கஞ்சியோடு போயிருந்த அன்று பாதிரியார் வந்தார். அவரிடமும், "நல்லாருக்கா சாமி, வலியெல்லாம் கொறஞ்சிட்டு" என்று ஆரம்பித்தார்.

மதினி கண்ணைத் திறந்தாள். "கொறையல சாமி" என்றாள். சத்தமே இல்லாத குரல். "எனக்கு வலிக்குது. இல்லாத காலு வலிக்குது. யாரோ பெத்த பிள்ளைக்கு மனசு நோகக் கூடாதுன்னு என்னைய அந்த வண்டியில ஏத்துனாக. எனக்கு ரொம்ப வலிக்குது."

பாதிரியார் குனிந்துகொண்டார். அண்ணாச்சியின் முகத்தில் அந்தச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. உதடு மட்டும் கோணிக்கொண்டு அப்படியே நின்றார்.

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்தார். "மாப்ள, லெட்டர் ஒண்ணு அடிங்க" என்றார். இந்தத் தடவை யாருடைய சௌக்கியத்தையும் கேட்கச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். உள்ளே பெயிண்ட் இல்லாமல் அனுப்பினது உங்கள் தப்பு. சேஸிஸ் ஒடிந்து என் மனைவியின் கால் போய்விட்டது. உங்கள் ஆள் வந்த அன்று ஓட்டைகள் இருந்தன. அவற்றைத் தார் வைத்து மறைத்தது நான். கேட்டபோது ஒன்றுமில்லை என்று பொய் சொன்னதும் நான். அந்தப் பையன்மேல் குற்றம் இல்லை.

என் வீட்டுக்காரர் டைப் அடிப்பதை நிறுத்தினார். "அண்ணாச்சி, இந்தக் கடைசி வரியெல்லாம் வேண்டாம். மறைச்சது நாந்தான்னு நீங்களே எழுதிக் குடுத்தா அவங்க ஒரு போல்ட்டுகூடத் தர மாட்டாங்க."

"தெரியும் மாப்ள. அடிங்க."

அடித்து முடித்ததும் அண்ணாச்சி கையெழுத்துப் போட்டுவிட்டு, "இத அவளுக்கு வாசிச்சுக் காட்டணும். எனக்கு இங்கிலீஷ் வராது. நீங்க வாங்க" என்று எங்கள் இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

என் வீட்டுக்காரர் கட்டில் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். மதினி மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு முழுவதும் கேட்டாள். முடிந்ததும் தலையைத் திருப்பி அண்ணாச்சியைப் பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை அது. களைத்துப்போன பார்வை.

"இதத்தான அன்னைக்கு அந்தப் பையன்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள். "நான் இப்ப நடந்துட்டு இருந்திருப்பேன்லா."

"ஆமா" என்றார் அண்ணாச்சி.